விண்டோஸ் 10-இல் கணினி விளையாட்டு ஆடுவோர் விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமா? முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

புது தில்லி: மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. இதையடுத்து, அந்த இயங்குதளத்தில் கணினி விளையாட்டுகளை ஆடி வருவோர், உடனடியாக விண்டோஸ் 11-க்கு மாறுவதா அல்லது சிறிது காலம் பழையதிலேயே தொடர்வதா என்ற கேள்வியை எதிர்கொண்டுள்ளனர்.

அலுவலகப் பணிக்காகக் கணினியைப் பயன்படுத்துவோருக்கு இது பெரும்பாலும் பாதுகாப்பு சார்ந்த முடிவு. விளையாட்டு ஆடுவோருக்கோ வேகம், கிராபிக்ஸ் அட்டைக்கான டிரைவர், ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளின் நிபந்தனைகள், புதிய உதிரிபாகங்களுக்கு ஆகும் செலவு ஆகியவையும் இதில் அடங்கும். தவறான முடிவால் நேற்று வரை இயங்கிய விளையாட்டு இன்று திறக்காமல் போகலாம். தேவையற்ற செலவும் நேரலாம். எனவே இரு தரப்பையும் எடைபோட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

ஆதரவு முடிந்தது என்றால் என்ன?

விண்டோஸ் 10 இயங்குதளம் 2015 ஜூலை 29 அன்று வெளியானது. பத்தாண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருந்த அதன் இறுதிப் பதிப்பு 22எச்2 ஆகும். ஆதரவு முடிவடைந்ததால் கணினி நின்றுவிடாது. நிறுவப்பட்டுள்ள விளையாட்டுகளும் அழிந்துவிடாது. ஆனால், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைபாடுகளுக்கான திருத்தங்கள் இனி தானாகக் கிடைக்காது.

இதன் விளைவு படிப்படியாகவே தெரியவரும். கணினி விளையாட்டுக் கணக்குகள் இன்று பண மதிப்புள்ளவை. பல ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்த விளையாட்டுகளும், கவுன்டர்-ஸ்டிரைக் 2 போன்றவற்றில் கைமாறும் ஆயுத அலங்காரங்களும் ஒரே கடவுச்சொல்லின் பின்னால் இருக்கின்றன. கடவுச்சொற்களைத் திருடும் தீநிரல்கள், விளையாட்டுகளுக்கான மோசடி மென்பொருள், திருட்டுப் பிரதிகள் ஆகியவற்றின் வழியாகவே பெரிதும் பரவுகின்றன. திருத்தம் பெறாத இயங்குதளம் இத்தகைய தாக்குதல்களுக்கு மேலும் எளிதான இலக்காகும்.

ஓராண்டு அவகாசம்

மாற விரும்பாதவர்களுக்கும் மாற இயலாதவர்களுக்கும் மைக்ரோசாப்ட் ஓர் இடைக்கால வழியை அளித்துள்ளது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தத் திட்டம் எனப்படும் இதில் சேரும் தனிநபர் கணினிகள் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறும். இதில் சேர மூன்று வழிகள் உள்ளன. கணினியின் அமைப்புகளை விண்டோஸ் பேக்கப் வசதி மூலம் மேகக் கணிமையில் சேமித்தால் கட்டணம் இல்லை. மைக்ரோசாப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000-ஐச் செலவிட்டும் சேரலாம். இவ்விரண்டும் வேண்டாம் எனில், 30 டாலர் அல்லது அதற்கு இணையான உள்ளூர் நாணயத் தொகையை வரியுடன் ஒருமுறை செலுத்தலாம். ஒரு முறை பெறும் உரிமத்தை 10 கணினிகள் வரை பயன்படுத்த முடியும்.

இத்திட்டத்தில் சேர 22எச்2 பதிப்பும் மைக்ரோசாப்ட் கணக்கும் தேவை. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே இதில் வழங்கப்படும். புதிய வசதிகளோ, விளையாட்டுகளின் செயல்திறனை உயர்த்தும் மாற்றங்களோ கிடைக்காது. ஆகவே இதனை நிரந்தரத் தீர்வாகக் கருதாமல், திட்டமிட்டு மாறுவதற்குக் கிடைத்த கால அவகாசமாகவே கொள்ள வேண்டும்.

விளையாட்டு நிறுவனங்களின் நிலைப்பாடு

விண்டோஸ் 10-இன் ஆதரவு முடிந்த அன்றே விளையாட்டு நிறுவனங்கள் அதனைக் கைவிட்டுவிடவில்லை. ஆயினும், விலகல் தொடங்கியுள்ளது. மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்ட், ரைஸ், வைல்ட்ஸ் ஆகிய விளையாட்டுகள் 2025 அக்டோபர் 14-க்குப் பின் விண்டோஸ் 10-இல் இயங்குவதற்கு உத்தரவாதம் அளிக்க இயலாது என ஜப்பானின் காப்காம் நிறுவனம் அறிவித்தது. ஃபைனல் ஃபேன்டசி 14 விளையாட்டை நடத்தும் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனமும் இதே நிலைப்பாட்டை மேற்கொண்டது. இவ்விளையாட்டுகள் உடனே இயங்காமல் போகும் என்பது இதன் பொருளல்ல. கோளாறு ஏற்பட்டால் சரிசெய்து தரும் பொறுப்பை நிறுவனங்கள் ஏற்காது என்பதே பொருள்.

விளையாட்டு விற்பனைத் தளமான ஸ்டீமின் கடந்த கால நடைமுறை இங்கு கவனிக்கத்தக்கது. விண்டோஸ் 7-க்கான நீட்டிக்கப்பட்ட ஆதரவை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியில் முடித்துக்கொண்டது. ஸ்டீம் தளமோ விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றுக்கான ஆதரவை 2024 ஜனவரி 1 அன்றுதான் நிறுத்தியது. ஆக, விளையாட்டுத் தளங்கள் இயங்குதள நிறுவனத்தைக் காட்டிலும் தாமதமாகவே விலகுகின்றன. விண்டோஸ் 10-இன் 64 பிட் பதிப்பைப் பயன்படுத்துவோர் இதனால் பதற்றமடையத் தேவையில்லை. ஆனால், 32 பிட் விண்டோஸுக்கான ஆதரவை 2026 ஜனவரி 1 முதல் நிறுத்துவதாக ஸ்டீம் அறிவித்துள்ளது.

கிராபிக்ஸ் அட்டைகளைப் பொறுத்தவரை, ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் வரிசைக்கு விண்டோஸ் 10 டிரைவர்களை 2026 அக்டோபர் வரை வழங்குவதாக என்விடியா நிறுவனம் தெரிவித்துள்ளது. இந்தியாவில் இன்றும் பலர் வைத்திருக்கும் ஜிடிஎக்ஸ் 900, ஜிடிஎக்ஸ் 10 வரிசை அட்டைகளின் நிலை வேறு. புதிய விளையாட்டுகளுக்கேற்ற டிரைவர்கள் இவற்றுக்கு 2025 அக்டோபருடன் முடிவுக்கு வந்தன. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை காலாண்டுக்கு ஒருமுறை வெளியாகும். இந்த வரம்பு விண்டோஸ் 11-க்கும் பொருந்தும். எனவே, பழைய ஜிடிஎக்ஸ் அட்டை வைத்திருப்போர் இயங்குதளத்தை மாற்றுவதால் மட்டும் இக்குறையைப் போக்க முடியாது.

கணினி தகுதி பெறுகிறதா?

விண்டோஸ் 11 இயங்குதளம் 2021 அக்டோபர் 5 அன்று வெளியானது. உரிமம் பெற்ற விண்டோஸ் 10 கணினி தகுதி பெற்றிருந்தால், மேம்படுத்தலுக்குக் கட்டணம் இல்லை. குறைந்தபட்சம் 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டைரக்ட்எக்ஸ் 12 ஆதரவுள்ள கிராபிக்ஸ் ஆகியவை தேவை. விளையாட்டுக் கணினிகள் இவற்றை எளிதில் நிறைவு செய்துவிடும். தடையாக நிற்பவை மூன்று: டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் செயலி, செக்யூர் பூட் வசதி, அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள செயலி.

இன்டெல் நிறுவனத்தின் 8-ஆம் தலைமுறை முதலான செயலிகளும், ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 2000 வரிசை முதலான செயலிகளும் பொதுவாக இப்பட்டியலில் உள்ளன. ஒருசில விதிவிலக்குகளைத் தவிர, இன்டெல் 7-ஆம் தலைமுறையும் அதற்கு முந்தையவையும் தகுதி பெறவில்லை. முதல் தலைமுறை ரைசன் செயலிகளும் சேர்க்கப்படவில்லை.

டிபிஎம் இல்லை என்று கணினி காட்டினால் அதனையே முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை. 2018-க்குப் பின் வாங்கிய பெரும்பாலான மதர்போர்டுகளில் இவ்வசதி செயலியினுள்ளேயே இருக்கும்; ஆனால், பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் கணினிகளில் பிடிடி என்றும், ஏஎம்டி கணினிகளில் எஃப்டிபிஎம் என்றும் அது குறிப்பிடப்படும். மைக்ரோசாப்ட் இலவசமாக வழங்கும் பிசி ஹெல்த் செக் செயலி, ஒரு கணினி தகுதி பெறுகிறதா, இல்லையெனில் எக்காரணத்தால் என்பதைத் தெரிவிக்கும்.

வேகம் கூடுமா?

மாறினால் விளையாட்டு வேகமாக ஓடும் என்ற எதிர்பார்ப்பே பலருக்கும் உண்டு. பெரும்பாலான கணினிகளில், ஒரே உதிரிபாகங்களைக் கொண்டு பார்க்கும்போது, இரண்டு இயங்குதளங்களுக்கும் இடையிலான வேறுபாடு சிறிதே. ஒரு நொடிக்கு எத்தனை காட்சிச் சட்டங்கள் என்பதைக் கிராபிக்ஸ் அட்டையும் செயலியுமே முதன்மையாகத் தீர்மானிக்கின்றன.

விதிவிலக்குகளும் உள்ளன. 2021 நவம்பரில் வெளியான இன்டெல் 12-ஆம் தலைமுறைச் செயலிகளில் வேகமான உட்கருக்களும், மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் உட்கருக்களும் இணைந்துள்ளன. எந்தப் பணியை எந்த உட்கருவுக்கு ஒதுக்குவது என்பதை விண்டோஸ் 11 கூடுதல் நுட்பத்துடன் தீர்மானிக்கிறது. ஏஎம்டி தரப்பில், ரைசன் 5000, 7000, 9000 வரிசைச் செயலிகளுக்குப் பயனளிக்கும் ஒரு மேம்பாடு விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் இடம்பெற்றது. 2024 ஆகஸ்டில் அது 23எச்2 பதிப்புக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இத்தகைய செயலிகளை வைத்திருப்போர் விண்டோஸ் 10-இல் தொடர்வதற்கு வலுவான காரணம் ஏதுமில்லை.

வேறு சில வசதிகள் திரையைப் பொறுத்தவை. பழைய விளையாட்டுகளின் ஒளி, நிற வீச்சைத் தானாக விரிவாக்கும் ஆட்டோ எச்டிஆர் வசதி விண்டோஸ் 11-இல் மட்டுமே உள்ளது; ஆனால், எச்டிஆர் திரை இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. சாளரத்தில் ஓடும் விளையாட்டுகளின் தாமதத்தைக் குறைக்கும் வசதியும் விண்டோஸ் 11-க்கே உரியது. விளையாட்டுத் தரவுகளை விரைவாக ஏற்றும் டைரக்ட்ஸ்டோரேஜ் இரண்டு இயங்குதளங்களிலும் செயல்படும். விண்டோஸ் 11-இல் அதன் முழுப் பயன் கிடைக்கும் என மைக்ரோசாப்ட் கூறுகிறது. அதற்கும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி தேவை.

வேகம் குறைவதற்கும் வாய்ப்பு உண்டு. விண்டோஸ் 11-இல் நினைவக ஒருமைப்பாடு என்னும் பாதுகாப்பு வசதி பல கணினிகளில் தொடக்கத்திலேயே இயக்கப்பட்டிருக்கும். சில சூழல்களில் இது விளையாட்டின் செயல்திறனைப் பாதிக்கலாம் என 2022-இல் ஒப்புக்கொண்ட மைக்ரோசாப்ட், விளையாடும்போது இதனை அணைத்து, பின்னர் மீண்டும் இயக்கலாம் எனத் தெரிவித்தது. அணைத்திருக்கும் நேரத்தில் பாதுகாப்பு குறையும் என்பதையும் அந்நிறுவனம் சுட்டிக்காட்டியது.

ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளே தீர்மானிக்கும் காரணி

போட்டி விளையாட்டுகளை ஆடுவோருக்கு, வேகத்தைவிட முக்கியமானது ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளின் நிபந்தனையே. இந்தியாவில் பரவலாக ஆடப்படும் வேலரண்ட் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதன் வான்கார்ட் மென்பொருள், விண்டோஸ் 11 கணினிகளில் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டும் இயக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை 2021 முதலே கட்டாயமாக்கியுள்ளது. விண்டோஸ் 10-இல் இந்நிபந்தனை பொதுவாக விதிக்கப்படவில்லை.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கை பெறப்படுகிறது. தகுதியற்ற கணினியில் சோதனைகளைத் தவிர்த்து விண்டோஸ் 11-ஐ நிறுவும் வழிமுறைகள் இணையத்தில் பரவலாக உள்ளன. டிபிஎம் 2.0 இல்லாத கணினியில் இவ்வாறு நிறுவினால், விண்டோஸ் 10-இல் இயங்கிய வேலரண்ட் விண்டோஸ் 11-இல் திறக்காது. அத்தகைய கணினிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதற்கு மைக்ரோசாப்டும் உத்தரவாதம் அளிக்கவில்லை.

புதிய விளையாட்டுகளில் இந்நிபந்தனை இயங்குதளத்தைக் கடந்துவிட்டது. 2025 அக்டோபர் 10 அன்று வெளியான பேட்டில்ஃபீல்ட் 6, அதே ஆண்டு நவம்பர் 14 அன்று வெளியான கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் 7 ஆகியவை விண்டோஸ் 10-இலும் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகியவற்றைக் கோருகின்றன. அதாவது, விண்டோஸ் 11-க்கு மாறாமல் இருப்பதன் மூலம் இந்நிபந்தனையிலிருந்து தப்ப முடியாது.

மாறியவர்கள் சந்தித்த சிக்கல்கள்

அவசரப்பட்டு மாறியவர்கள் சில இடர்களைச் சந்தித்ததும் உண்மை. விண்டோஸ் 11 வெளியான மாதத்திலேயே ஏஎம்டி செயலிகளில் வேகக் குறைவு தென்பட்டது. அம்மாதமே திருத்தம் வெளியிடப்பட்டது. 2024 இறுதியில், அசாசின்ஸ் கிரீட் வரிசையின் சில விளையாட்டுகள் 24எச்2 பதிப்பில் உறைந்து நின்றதால், அவை நிறுவப்பட்ட கணினிகளுக்கு அப்பதிப்பை வழங்குவதை மைக்ரோசாப்ட் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. ஆட்டோ எச்டிஆர் வசதியால் நிறங்கள் பிறழ்ந்த சிக்கலுக்காகவும் இத்தகைய தடை விதிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் வெளியான ஒரு திருத்தத்துக்குப் பின் சில விளையாட்டுகளின் வேகம் குறைந்ததால், என்விடியா நிறுவனம் நவம்பரில் அவசர டிரைவரை வெளியிட நேர்ந்தது.

இச்சம்பவங்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு. சிக்கல் எழுவது பெரும் பதிப்பு வெளியாகும் முதல் வாரங்களிலேயே. பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது தீர்க்கப்படுகிறது. எனவே போட்டி, தேர்வு, முக்கிய வேலை ஆகியவை நெருங்கும்போது இயங்குதளத்தை மாற்றாமல் இருப்பது நல்லது.

தகுதியற்ற கணினி வைத்திருப்போர்

தில்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் சாலை போன்ற சந்தைகளில் உதிரிபாகங்களை வாங்கிக் கணினியை ஒன்றிணைத்தவர்கள் இந்தியாவில் ஏராளம். அவர்களுக்கு முழுக் கணினியையும் மாற்ற வேண்டிய தேவை எப்போதும் எழுவதில்லை.

முதல் தலைமுறை ரைசன் செயலி வைத்திருப்போர், அதே ஏஎம்4 மதர்போர்டில் பயாஸ் திருத்தத்துடன் ரைசன் 3000 அல்லது 5000 வரிசைச் செயலியைப் பொருத்த இயலும். தமது மதர்போர்டின் மாதிரி எண்ணுக்கு அச்செயலி அனுமதிக்கப்பட்டுள்ளதா என்பதைத் தயாரிப்பு நிறுவனத்தின் பட்டியலில் சரிபார்த்த பின்னரே வாங்க வேண்டும். இன்டெல் 6, 7-ஆம் தலைமுறைக் கணினிகளில் இவ்வாய்ப்பு இல்லை. 8-ஆம் தலைமுறைச் செயலி பார்வைக்கு அதே பொருத்து முனையைக் கொண்டிருந்தாலும் பழைய மதர்போர்டில் இயங்காது. மதர்போர்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கணினியில் டிடிஆர்3 நினைவகம் இருந்தால் நினைவகத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் கடுமையாக உயர்ந்ததால் இச்செலவைக் குறைத்து மதிப்பிடலாகாது. இத்தகையோர் ஓராண்டு அவகாசத் திட்டத்தில் சேர்ந்து, பணத்தைச் சேமித்து, பின்னர் ஒரே தவணையில் மாறுவது சிக்கனமானதாக இருக்கும்.

லினக்ஸ் ஒரு மாற்றா?

வால்வ் நிறுவனம் 2018-இல் அறிமுகப்படுத்திய புரோட்டான் மென்பொருளின் உதவியால், விண்டோஸுக்காக உருவாக்கப்பட்ட பல விளையாட்டுகள் இன்று லினக்ஸில் இயங்குகின்றன. 2022-இல் வெளியான ஸ்டீம் டெக் கருவியும் இதனையே பயன்படுத்துகிறது. தனியாகக் கதை விளையாட்டுகளை ஆடுவோர் பழைய கணினியில் இதனை முயன்று பார்க்கலாம். ஆனால் வேலரண்ட், ஃபோர்ட்நைட், பேட்டில்ஃபீல்ட் 6, கால் ஆஃப் டியூட்டி ஆகியவை ஏமாற்றுத் தடுப்பு நிபந்தனைகள் காரணமாக லினக்ஸில் இயங்குவதில்லை. ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் விளையாட்டும் 2024 இறுதியில் லினக்ஸ் பயனர்களுக்கான வாயிலை மூடியது.

மாறும் முன் செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஆவணங்கள், புகைப்படங்களுடன் விளையாட்டுகளின் சேமிப்புக் கோப்புகளையும் வேறொரு வட்டில் நகலெடுக்க வேண்டும். ஸ்டீம் தளம் பல விளையாட்டுகளின் முன்னேற்றத்தைத் தானாகச் சேமித்தாலும், எல்லா விளையாட்டுகளுக்கும் அவ்வசதி இல்லை.

இரண்டாவதாக, பிட்லாக்கர் குறியாக்கம் இயக்கத்தில் உள்ளதா என்பதை அறிந்து, அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பயாஸில் டிபிஎம் அமைப்பை மாற்றினால், அடுத்த முறை கணினி அக்குறியீட்டைக் கேட்கலாம். அது கைவசம் இல்லையெனில் வட்டில் உள்ள அனைத்தும் கைவிட்டுப்போகும்.

மூன்றாவதாக, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியில் பயாஸ் முறை லெகசி என்று காட்டினால், செக்யூர் பூட்டை நேரடியாக இயக்கலாகாது. வட்டின் பகிர்வு முறை எம்பிஆர் வகையிலிருந்து ஜிபிடி வகைக்கு மாற்றப்பட்ட பின்னரே யுஇஎஃப்ஐ முறைக்கு மாற வேண்டும். இதற்கான கருவி விண்டோஸ் 10-இலேயே உள்ளது. வரிசை தவறினால் கணினி தொடங்காது. இதில் பழக்கம் இல்லாதவர்கள் அனுபவமுள்ளவரின் உதவியை நாடுவது நலம்.

நான்காவதாக, மதர்போர்டின் பயாஸையும் கிராபிக்ஸ் டிரைவரையும் முன்கூட்டியே புதுப்பிக்க வேண்டும். எஃப்டிபிஎம் காரணமாகச் சில ரைசன் கணினிகளில் விளையாட்டு இடையிடையே திணறிய சிக்கலை ஏஎம்டி 2022-இல் பயாஸ் திருத்தம் மூலமே தீர்த்தது.

மாறிய பிறகு நிறைவு ஏற்படாவிடில், 10 நாள்களுக்குள் செட்டிங்ஸ் பகுதியில் உள்ள ரெகவரி வசதி மூலம் விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம். அதன் பிறகு பழைய கோப்புகள் நீக்கப்பட்டுவிடும். எனவே தாம் வழக்கமாக ஆடும் விளையாட்டுகள் அனைத்தையும் முதல் வாரத்திலேயே சோதித்துப் பார்ப்பது இன்றியமையாதது.

யார் என்ன முடிவெடுக்கலாம்?

இன்டெல் 12-ஆம் தலைமுறை அல்லது ரைசன் 5000 வரிசைக்குப் பிந்தைய செயலி வைத்திருப்போர் தாமதமின்றி மாறலாம். இன்டெல் 8 முதல் 11-ஆம் தலைமுறை அல்லது ரைசன் 2000, 3000 வரிசை வைத்திருப்போரும் மாறலாம். ஆனால், வேகம் கூடும் என்று எதிர்பார்க்காமல், பாதுகாப்புக்காக மாறுவதாகவே கருத வேண்டும். இன்னமும் ஹார்டு டிஸ்கில் விண்டோஸை இயக்குவோர், முதலில் எஸ்எஸ்டி ஒன்றை வாங்குவது அதிகப் பயன் தரும்.

தகுதியற்ற கணினி வைத்திருப்போர் குறுக்குவழிகளைத் தவிர்த்து, ஓராண்டு அவகாசத் திட்டத்தில் இப்போதே சேர வேண்டும். எதிலும் சேராமல், எதையும் மாற்றாமல், திருத்தம் பெறாத கணினியில் வங்கிக் கணக்கையும் விளையாட்டுக் கணக்கையும் ஒருசேரப் பயன்படுத்துவதே இருக்கும் வழிகளில் மிகவும் ஆபத்தானது.